சேனை வைத்த விரல்

வாய்க்குள்ள போனதெல்லாம் வயித்துக்குச் சொந்தமில்ல. அப்பா அப்படித்தான் தொடங்குவார். அதற்குப் பிறகு இன்னொரு பாதி உண்டு, அந்தப் பாதிதான் வர மாட்டேன் என்கிறது. வயித்துல தங்கினதெல்லாம்... இல்லை, அப்படி இல்லை. ஏதோ வாசல் வரும் அதில், அல்லது வாசல் என்று நானே இந்த ஒரு வாரத்தில் சேர்த்துக்கொண்டேனோ என்னவோ. மடியில் ரப்பர் விரிப்பு, அதன்மேல் நாலாய் மடித்த பழைய வேட்டித் துண்டு, அதன்மேல் செண்பகத்தின் பிள்ளை. பிள்ளைக்கும் துணிக்கும் நடுவில் என் வலது கை. ஈரம் பார்ப்பதற்காக. காய்ந்திருக்கிறது. காய்ந்த துணி இவ்வளவு பெரிய விஷயமாக ஒரு நாள் ஆகும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மத்தியானத்துக்குப் பிந்திய வார்டு, தூக்குச் சட்டிகளில் மிச்சமிருந்த ரச வாசனை, மேலே ஃபேன் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தொண்டையைக் கனைக்கிறது. செண்பகம் குளித்துச் சாப்பிட்டு வரப் போயிருக்கிறாள். அவள் என் அக்கா மகள், கட்டியிருப்பது என் அண்ணன் மகன் நெல்லையப்பனை, அதனால் அவளுக்கு நான் மாமா, அவனுக்குச் சித்தப்பா, மடியில் கிடப்பவனுக்கு இரண்டு வழியிலும் தாத்தா. இரண்டு வழியிலும். போன வாரம்வரை அது கல்யாண வீட்டுப் பேச்சு, உறவு விட்டுப்போகாமல் இருக்க ஒரு முடிச்சு. இப்போது அந்த இரண்டு வழியையும் விரலால் பின்னோக்கித் தடவிக்கொண்டே போனால் இரண்டும் என் அப்பா அம்மாவிடம் போய் நிற்கின்றன, அங்கே நின்றால் அப்பாவே அம்மாவுக்குத் தாய்மாமன், இன்னும் ஒரு முடிச்சு. குடும்பத்தை மரம் என்று எழுதுகிறார்கள். எங்களுடையது பீர்க்கங்கொடி, போகிற போக்கில் திரும்பித் தன் தண்டையே பிடித்துக்கொள்ளும். கை இன்னும் காய்ந்துதான் இருக்கிறது.

ஈரத்தைத்தான் நாங்கள் கொண்டாடினோம். அதை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. பிறந்து வீட்டுக்கு வந்ததிலிருந்து துணி மாற்றி மாளவில்லை, தென்காசி வீட்டு மாடிக் கொடி முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைத் துண்டுகள், கப்பல் வந்த மாதிரி. செண்பகத்தின் அம்மா பிரமு அக்கா வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள், "நல்லா ஒண்ணுக்குப் போறான், இவனுக்கு உடம்புல சூடே தங்காது." பால் குடிக்கிறான், போகிறான், மறுபடி குடிக்கிறான். நிறமில்லை, வாடையில்லை, துணியில் பட்டதும் பரவிவிடும். யாராக இருந்தாலும் மூத்திரம் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், இருபது வருஷத்துக்கு மேல் தண்ணீரையே பார்த்துப் பிழைத்தவன். பிறகு முகம் சிறுத்தது. உச்சிக்குழி உள்ளே இறங்கியது. அழுகைக்குச் சத்தம் குறைந்தது, அதையும் சமத்து என்றார்கள். இங்கே பாளையங்கோட்டைக்குத் தூக்கி வந்த அன்று டாக்டர் ஜெசிந்தா ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையைப் பிள்ளையின் குஞ்சில் ஒட்டி வைத்தார், மூத்திரம் பிடிக்க. கொஞ்ச நேரத்தில் துணி தொப்பலாக நனைந்திருந்தது, பையில் ஒரு பொட்டுத்தான் இருந்தது. அவர் பையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அம்மா, இது ஒண்ணுக்கு இல்ல. இவ்வளவு நாளும் இவனுக்கு வயித்தால போயிட்டிருக்கு."  எனக்கு அந்த நேரத்திலும், சொன்னால் திட்டுவார்கள், ஒரு கிளர்ச்சி. தண்ணீர் உள்ளே போகாமல் வெளியே நிற்கிறது, அப்படியானால் எது அதைப் பிடித்து நிறுத்துகிறது? கூடவே பயம். பயமும் இந்தக் கேள்வியும் ஒரே நாற்காலியில் நெருக்கி உட்கார்ந்திருந்தன, ஒன்று எழுந்தால் மற்றது சாய்ந்துவிடும் போல.

எட்டாவதுவரை தென்காசியில் தமிழில் படித்தேன், அதற்குமேல் ஆங்கிலத்தில். அதனால் என் உடம்புக்கு இரண்டு பேச்சு. வலிக்கிற இடம் தமிழில் இருக்கும், ஏன் வலிக்கிறது என்பது ஆங்கிலத்தில் இருக்கும், நடுவில் நான் போய்வந்துகொண்டிருப்பேன். குடல் என்று சொன்னால் எனக்கு இன்னும் கறிக்கடைதான் தெரியும். மஸ்கட்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை, சவ்வு எதை விடும் எதை நிறுத்தும் என்பதே எனக்குச் சோறு போட்டது, அப்படிப் பார்த்தால் குடலும் ஒரு சவ்வுதானே என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. டாக்டர் ஜெசிந்தாதான் சொன்னார், இடது கையைப் படிக்கட்டு மாதிரி வைத்துக்கொண்டு. "சார், குடலோட சுவர்ல ஒரு படிக்கட்டு இருக்கும். உப்பும் சர்க்கரையும் ரெண்டும் கை கோத்துக்கிட்டுத்தான் அதுல ஏறும், தனியா ஏறாது. அது ஏறினா தண்ணி பின்னாலயே ஏறும். வயித்தால போறவங்களுக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணி குடுக்கமே, அதுதான் ரகசியம். இவனுக்கு அந்தப் படிக்கட்டே சரியா அமையல. சர்க்கரை கீழயே நிக்கி. நிக்கிற சர்க்கரை தண்ணியையும் இழுத்துக்கிட்டுக் கீழயே போயிருது." நாங்கள் கொடுத்தோம், உப்புச் சர்க்கரைத் தண்ணீர், ஊரில் எந்தப் பிள்ளையையும் பிழைக்க வைக்கிற தண்ணீர், ஒவ்வொரு தடவை போனதும், பால் புகட்டும் பாலாடையில் ஒன்று. கொடுக்கக் கொடுக்கப் போனது. தாய்ப்பாலிலும் அதே சர்க்கரைதான். பாலை நிறுத்திக் கையில் ஊசி வழியாக டிரிப்ஸ் மட்டும் ஏற்றினார்கள், துணி காய்ந்தது. வாய்வழி ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார்கள், மறுபடி நனைந்தது. எவ்வளவு அழகான சோதனை, ஒரு குழாயை மூடு, ஒரு குழாயைத் திற. அப்படி நினைத்ததற்குக் கூச்சப்பட்டுச் செண்பகத்தின் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். அவளோ கேட்டாள், "அப்போ என் பால் கெட்ட பாலா டாக்டர்?" "உன் பால் நல்ல பால். இவன் வீட்டுக் கதவுதான் திறக்கல." இன்னொரு வாசல் இருக்கிறதாம், பழச்சர்க்கரைக்கு என்று தனியாக, அதில் மற்றச் சர்க்கரை எதுவும் போகாது. அந்தச் சர்க்கரை மட்டும் சேர்த்த பால்மாவை வெளியூரிலிருந்து வரவழைத்து நேற்று மாலையில் ஆரம்பித்திருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். வயிற்றால் போவது எந்த வேளையில் திரும்பும் என்று சொல்ல முடியாது, திரும்பாமலும் போகலாம். ரத்தம் எடுத்து அனுப்பியிருக்கிறது, செண்பகத்திடம், நெல்லையப்பனிடம், கேட்காமலே நீட்டிய என் கையிலும். பஞ்சு ஒட்டிய இடம் அரிக்கிறது. அப்பாவிடமிருந்து ஒரு பிசகு, அம்மாவிடமிருந்து அதே பிசகு, ஒன்று மட்டும் வந்தால் ஒன்றும் தெரியாது, ஆயுசுக்கும் ஜிலேபி சாப்பிடலாம். இரண்டும் ஒரே பிள்ளையில் சந்தித்தால்தான். எங்கள் வீட்டில் மூக்கைக் காட்டி, சீக்கிரம் விழும் முடியைக் காட்டி, எங்க வாகு, எங்க வாகு என்பார்கள். காட்ட முடியாத வாகும் ஒன்று கூடவே நடந்து வந்திருக்கிறது, கல்யாணப் பந்தலுக்குப் பந்தல், யாருக்கும் தெரியாமல் முன்வரிசையில் உட்கார்ந்து. இதுதான் அதற்கு முதல் பிள்ளையா? டாக்டர் அதையும் கேட்டார், எழுதிக்கொண்டே, தலை தூக்காமல். "உங்க அம்மாவுக்கு வேற பிள்ளைங்க தவறியிருக்கா சார்?"

இரண்டு. அக்காவுக்குப் பிறகு, எனக்கு முன்னால். பெயர் வைப்பதற்குள் போனவர்கள், அதனால் வீட்டில் அவர்களைச் சொல்ல வேண்டி வந்தால் மூணாவது, நாலாவது என்பார்கள், அதுவும் கைவிரலைப் பார்த்துக்கொண்டு. விரல். மறுபடி விரலுக்கு வந்துவிட்டேன். எங்கள் பக்கம் பிள்ளை பிறந்ததும் சேனை வைக்க வேண்டும், கருப்பட்டித் தண்ணீரோ தேனோ ஒரு சொட்டு, வீட்டில் ஒருவர் விரலால் நாக்கில் தடவுவது. யார் வைத்தார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும். அதனால் ஆள் பார்த்து வைப்பார்கள், கோபக்காரரை விட மாட்டார்கள், கடன்காரரை விட மாட்டார்கள். மூணாவதுக்கு வைத்தது அப்பாவின் கடைசித் தங்கை உலகம்மா. எனக்கு அத்தை, அம்மாவுக்குச் சித்தி, எங்கள் கொடியில் அதுவும் ஒரு வளைவு. அப்போது அவள் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலைக்குச் சேர்ந்த புதிது, வீட்டில் முதல் சம்பளக்காரி, கெட்டிக்காரி, அவள் குணம் வரட்டும் என்று அம்மாவே கூப்பிட்டாளாம். பிள்ளைக்கு மறுநாளிலிருந்து வயிற்றால் போய், போய்விட்டது. நாலாவதுக்கும் அவளையே கூப்பிட்டார்கள், ஒரு தடவை நடந்ததற்காக ஒதுக்கினால் பாவம் என்று. அதுவும் அப்படியே. அதற்குப் பிறகு யாரும் கூட்டம் போட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. வளைகாப்பில் அவள் கைக்கு வளையல் தட்டு வராது. பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் அறைக்கு அவள் வந்தால் யாராவது ஒரு வேலை சொல்லி அனுப்பிவிடுவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் விசாரித்துவிட்டு ஜாதகம் சேரவில்லை என்றார்கள். எனக்கு வைத்தது வேறு யாரோ, நான் தங்கினேன். போதாதா. நான் தங்கியதே அவளுக்கு எதிரான சாட்சி. இந்த இடத்தில்தான் நினைப்பு முள்ளில் மாட்டின துணி மாதிரி நிற்கிறது, இழுத்தால் கிழியும். நான் ஒரு தவறும் செய்யவில்லை, பிறந்தேன், பால் குடித்தேன், செரித்தது, அவ்வளவுதான். அந்தச் செரிமானம் ஒருத்தியின் கையைக் கறுப்பாக்கியது. இந்தப் பிள்ளைக்குச் சேனை வைத்தது நான். "வெளிநாடெல்லாம் போய்வந்தவன், உன் மூளை வரட்டும்ல" என்று அக்காதான் கருப்பட்டித் தண்ணீரை நீட்டினாள். போன வாரம் இதே கட்டிலருகில் நின்று அவளே சொன்னாள், "மூளை வரும்னு பாத்தா உன் வயிறு வந்திருக்கு." ஓட்டல் சாப்பாடு எனக்கு ஒத்துக்கொள்ளாது, அதைச் சொல்கிறாள். எல்லாரும் சிரித்தோம். இரண்டு நாள் கழித்து அதே வாக்கியத்தைச் சிரிக்காமல் சொன்னாள். படிக்கட்டு, வாசல் எல்லாம் தெரிந்த எனக்கே அன்று கை கழுவும்போது இந்த விரலில் ஒரு கனம். ஒரே ஒரு சொட்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தாய்ப்பாலில் அதைவிட எத்தனையோ மடங்கு. தெரியும். தெரிந்தும் விரலைச் சட்டையில் துடைத்தேன். காய்ந்திருக்கிறதா? காய்ந்திருக்கிறது. பிள்ளை தூக்கத்தில் வாயை மட்டும் அசைக்கிறான், இல்லாத மார்பைச் சப்புகிறான்.

அத்தை கீழே இருக்கிறாள். இந்த வாரம் முழுக்கக் காலை முதல் பஸ்ஸில் வந்து ஓ.பி. கட்டடத்துக்கு எதிரே சிமெண்டு பெஞ்சில் உட்காருகிறாள், சாயங்காலம் போகிறாள். மேலே வருவதில்லை. வார்டுக்குத் தாயைத் தவிர ஒருவருக்குத்தான் பாஸ், அது எனக்கும் அக்காவுக்கும் மாறி மாறி, அதனால் அவள் வராததற்கு ஒரு காரணம் சௌகரியமாகக் கிடைத்திருக்கிறது. பிள்ளை பிறந்த அன்று வீட்டுக்கு வந்தவளை அக்கா வாசல் அறையிலேயே காபி கொடுத்து உட்கார வைத்தாள், உள்ளே தூங்குதான் என்று. காபி நல்ல காபி, அதில் குறை வைக்கவில்லை. இன்று டீ வாங்கக் கீழே போனபோது பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், படிக்கட்டு, கை கோப்பது, இரண்டு வழிப் பிசகு. எழுபதைத் தாண்டியவளுக்குப் புரியுமா என்று டாக்டரை விடவும் எளிதாக்கிச் சொன்னேன், அவள் இடையில் நிறுத்தினாள். "புரியுதுடா. லைன் இல்லாத ஊருக்கு எத்தனை தடவை பிளக்கைச் சொருகினாலும் கனெக்‌ஷன் போகாது. மேல சொல்லு." சொன்னேன். மூணாவதுக்கும் நாலாவதுக்கும் அதேதான் இருந்திருக்கும், நிரூபிக்க முடியாது, ஆனால் அதேதான் என்று. அவள் என் கையிலிருந்த டம்ளரைத் தொட்டுப் பார்த்தாள். "டீ ஆறுது, குடி" என்றாள். அப்புறம், "பிரமுகிட்ட சொன்னியா?" "சொன்னேன்." "என்ன சொன்னா?" "டாக்டர் சொல்லுதது டாக்டர் சொல்லுதது, நாம பாத்தது நாம பாத்ததுன்னா." அத்தை சிரித்தாள். "அப்படியே உங்க அம்மா." அப்பாவின் அந்தப் பாதி வாக்கியத்தைக் கேட்டேன், வாய்க்குள்ள போனதெல்லாம். "எங்க அண்ணன் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லியே. அவன் சாப்பிடும்போது பேச மாட்டான்." டம்ளரைக் கீழே வைத்தாள். "மத்த நேரமும் பேச மாட்டான். பேச வேண்டிய நேரத்துலயும் பேசினதில்ல." நான் டீயைக் குடித்தேன், ஆறித்தான் போயிருந்தது. மேலே வாங்க அத்தை, என் பாஸ் இருக்கு, நாலு மணிக்கு அடுத்த பால், நீங்க குடுங்க என்று சொன்னேன், சொன்ன பிறகுதான் சொல்கிறேன் என்பது தெரிந்தது. அவள் இரண்டு கையையும் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள், குளிர் காலம் மாதிரி. "நான் குடுத்து மறுபடி போச்சுன்னா?" போனால் அது மாவோட தப்பு, அளவோட தப்பு, உங்க தப்பாகாது என்றேன், ஆலையில் புதுப் பையனுக்குச் சொல்கிற குரலில். "மாவை எவனும் பொண்ணு பாக்க வரப்போறதில்ல ஆவுடை, அதுக்கென்ன. அது திரும்பவும் டப்பாவுக்குள்ள போய் இருந்துக்கும்."  பாஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு படி ஏறினேன், கல் படி, ஒவ்வொன்றும் சரியாக அமைந்த படி.

அவள் சொன்னது சரி. அதைத்தான் இவ்வளவு நேரமும் சுற்றிச் சுற்றி வருகிறேன். மாவு இன்னும் தேறவில்லை. நேற்றிலிருந்து போனது சின்ன அளவு, நாலு மணிக்குத்தான் முதல்முதலாக அளவைக் கூட்டுகிறார்கள், சிஸ்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். நனைந்தால் இந்த வேளையில் நனைவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அவள் கொடுத்து நனைந்தால் அக்காவுக்கு மூன்றாவது சாட்சி, அத்தைக்கும்தான். படி இறங்கிப் பஸ் ஏறுவாள், பிறகு எந்தப் படிக்கட்டைச் சொன்னாலும் அவள் காதில் ஏறாது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை, யார் கொடுத்தாலும் அதே மாவு, அதே குடல், நனைந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார். ஆபத்து முழுக்க அவளுடையது. அப்படியானால் பொறுக்கலாம். நாலைந்து நாள் போகட்டும், பிள்ளை எடை ஏறட்டும், ரத்த முடிவு வரட்டும், வாங்க அத்தை என்று அப்போது கூப்பிடலாம். கூப்பிடலாம், எல்லாரும் வருகிற நாளில் அவளும் வருவாள். எல்லாம் தேறிய பிறகு நீட்டுகிற பாலாடையில் என்ன இருக்கிறது? அக்காவே விடுவாள் அப்போது, பெரிய மனசோடு விடுவாள், பிழைச்ச பிள்ளையை யார் தொட்டா என்ன என்பாள். அது மன்னிப்பு. செய்யாததற்கு மன்னிப்பு. சவ்வைச் சோதிக்கும்போது நாங்கள் நல்ல தண்ணீரை ஊற்றிப் பார்க்க மாட்டோம், கடலைத்தான் ஊற்றுவோம். ஆனால் சவ்வு கிழிந்தால் வேறு வாங்கலாம். அத்தையை எங்கே வாங்குவது. மறுபடி முதலிலிருந்து. வாய்க்குள்ள போனதெல்லாம் வயித்துக்குச் சொந்தமில்ல. ஒருவேளை அப்பா சொன்னது அவ்வளவுதானோ, மற்றப் பாதி இல்லவே இல்லையோ, வார்த்தை தொண்டைவரை வந்து நின்றுபோகிற மனுஷர், நான்தான் இல்லாத பாதியை இவ்வளவு வருஷம் தேடுகிறேனோ.

செண்பகம் ஈரத் தலையோடு வந்தாள். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, துணியைத் தொட்டாள். "காய்ஞ்சிருக்கா மாமா?" "காய்ஞ்சிருக்கு." "பூவை வச்ச மாதிரி இருக்கு" என்று துணியையே கொஞ்ச நேரம் தடவினாள். நான் சொன்னேன், கீழே உலகம்மா ஆச்சி இருக்கிறாள் என்று. "இன்னிக்கு வந்தாங்களா?" "தினமும் வாறாங்க." அவள் நிமிர்ந்தாள். "தினமுமா? கீழயா? எனக்கு யாருமே சொல்லலியே." யாரும் சொல்லவில்லைதான், நானும் சொல்லவில்லை. அடுத்த பாலை அவள் கொடுத்தால் உனக்குச் சம்மதமா என்று கேட்டேன், நனையலாம், நனைந்தால் என்ன பேச்சு வரும் என்பதையும் சேர்த்தே சொன்னேன். பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்து அந்தக் கனைக்கிற ஃபேனைப் பார்த்தான். "என் பால் நல்ல பால்னு டாக்டர் சொன்ன அன்னிக்குத்தான் மாமா நான் தூங்கினேன்" என்றாள். பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே, "அம்மா வந்தா கத்துவா." "கத்துவா." "இவன் முழிச்சிருவான்." "அக்காவைக் கீழயே நிறுத்தி வைக்கலாம்." "உங்களால முடியுமா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சிஸ்டர் ஸ்டெல்லா மாவைக் கரைத்த கிண்ணத்தோடும் சுடுதண்ணீரில் கிடந்த பாலாடையோடும் வரிசையாகக் கட்டில்களைத் தாண்டி வந்துகொண்டிருந்தார். "நாலு மணிப் பாலு. யாரு குடுக்கீங்க?" "எங்க ஆச்சி குடுப்பாங்க" என்றாள் செண்பகம். கைக்கு மடியில் வேலையில்லை, ரப்பர் விரிப்பில் பிள்ளையின் சூடு மட்டும் இருந்தது. எழுந்து சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். பாஸை அத்தை கையில் கொடுத்து அவளை மேலே அனுப்பிவிட்டு, அக்கா வரும்வரை அந்த சிமெண்டு பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பது என்று முடிவு செய்தேன்.